கூடையில் சேரட்டும்

(குடும்ப ஞாயிறு ஆராதனைக்குப் பின் நடந்த ஐக்கியக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உக்கிராணத்துவத்தைப் பற்றிப் பேசும்படி போதகர் ஐயா என்னைக் கேட்டுக்கொண்டார். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தசமபாகத்தைப் பற்றியோ நேரத்தைப் பற்றியோ பேசுவார்கள். நான் மூக்குக் கண்ணாடியைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். ஒரு கண்ணாடி எனக்குப் பல நாள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

போன டிசம்பரில் நடந்தது இது. ஆராதனை முடிந்து கீழே ஹாலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். நம் வாலிபத் தம்பி ஒருவன் வந்து கேட்டான்.

"அங்கிள், ஒரு சந்தேகம். எங்க ஆபீஸ்ல விஷன் இன்ஷூரன்ஸ் குடுத்திருக்காங்க. பிரேம் வாங்க 150 டாலர். டிசம்பர் 31ஓட அது போயிடும். எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது, இருக்கிற கண்ணாடியே புதுசு மாதிரி இருக்கு. வாங்கவா, விடவா?"

நான் யோசிக்கவே இல்லை. "வாங்கிக்கோ தம்பி. விட்டா இன்ஷூரன்ஸ்காரனுக்குத்தானே லாபம்?" என்றேன். அவனும் சந்தோஷமாகப் போய்விட்டான்.

அன்று இரவு வீட்டில் எதையோ தேடி மேசை இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே என்னுடைய கண்ணாடிகள் ஐந்து கிடந்தன. அவற்றில் மூன்று, பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை. எல்லாம் இதேபோல டிசம்பர் மாதங்களில் வாங்கியவை. அவனுக்கு நான் சொன்ன பதில் அனுபவத்திலிருந்து வந்ததா, பழக்கத்திலிருந்து வந்ததா என்று அப்போதுதான் யோசித்தேன். அந்த யோசனையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பிள்ளைகளே, முதலில் உங்களுக்கு. இன்ஷூரன்ஸ் என்றால் என்ன? நம் சபையில் மாதக் கடைசி ஞாயிறு ஐக்கிய விருந்து வைக்கிறோம் அல்லவா? ஒரு வீட்டிலிருந்து சாம்பார், ஒரு வீட்டிலிருந்து கோழிக் குழம்பு, ஒரு வீட்டிலிருந்து பாயசம் வருகிறது. எல்லாரும் கொண்டுவந்து மேசையில் வைக்கிறோம். பசிக்கிறவர்கள் பசிக்கிற அளவுக்கு எடுத்துச் சாப்பிடுகிறார்கள். இன்ஷூரன்ஸும் ஏறக்குறைய அப்படித்தான். பலர் மாதாமாதம் கொஞ்சம் பணம் போடுகிறார்கள். யாருக்குத் தேவை வருகிறதோ அவருக்கு அதிலிருந்து செலவாகிறது. சில நேரம் அப்பா அம்மாவின் சம்பளத்திலிருந்து அந்தப் பணம் பிடிக்கப்படும். சில நேரம் கம்பெனியே போடும். பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும்.

விருந்தில் நமக்குப் பசியில்லை. ஆனாலும் "நானும் ஒரு பாத்திரம் கொண்டுவந்தேனே" என்று இரண்டு தட்டு நிறைய அள்ளி வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் குப்பையில் போட்டால் எப்படி இருக்கும்? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வருகிறேன்.

பெரியவர்களே, உங்களில் பலருக்கு இந்தத் திட்டம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். ஆனாலும் ஒருமுறை பிரித்துப் பார்ப்போம். இந்த நாட்டில் வேலை செய்யும் இடத்தில் கிடைக்கும் கண் காப்பீட்டில் பொதுவாக இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று, வருடத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை. அதற்கு நாம் கொடுக்கும் கோ-பே கொஞ்சம்தான். என் திட்டத்தில் 10 டாலர். இரண்டாவது பாகம் பொருள். அதாவது பிரேம், லென்ஸ், அல்லது அதற்குப் பதிலாகக் காண்டாக்ட் லென்ஸ். இதற்கு ஒரு உச்சத் தொகை வைத்திருப்பார்கள். சில திட்டங்களில் பிரேம் வருடா வருடம், சிலவற்றில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை.

நான் செய்தது என்ன தெரியுமா? பொருளை விடாமல் வாங்கினேன், பரிசோதனையை விட்டுவிட்டேன். கையிலிருந்த பவர் சீட்டு இன்னும் செல்லுபடியாக இருந்தது. கடைக்குப் போய் பிரேம் பார்க்க அரைமணி நேரம் கிடைத்தது. டாக்டர் முன்னால் உட்கார அரைமணி நேரம் கிடைக்கவில்லை. "நல்லாத்தானே தெரியுது, எதுக்கு டெஸ்ட்?" என்பதுதான் என் பதில்.

கடைசியில் என் மனைவி தானே நாள் குறித்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். எழுத்துக்களை எல்லாம் சரியாக வாசித்தேன். பவர் மாறவில்லை. எழுந்திருக்கப் போனேன். டாக்டர், "கொஞ்சம் உட்காருங்கள்" என்றார். கண்ணின் அழுத்தம் அதிகமாக இருக்கிறது, பின்னால் உள்ள நரம்பும் சந்தேகப்படும்படி இருக்கிறது என்றார். "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது கிளாக்கோமா உண்டா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது என் தகப்பனார் நினைவுக்கு வந்தார். கடைசி காலத்தில் அவர் ஊரில் சுவரைத் தடவித் தடவித்தான் நடப்பார். பக்கத்தில் வைத்த தண்ணீர்ச் செம்பைக் கையால் தட்டிவிடுவார். நாங்கள் எல்லாரும், "வயசானா பார்வை மங்கத்தானே செய்யும்" என்று சொல்லிக்கொண்டோம். யாரும் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவருக்கும் அதுதான் இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது என் கண்கள் நனைந்தன. அது டாக்டர் விட்ட மருந்தினால் மட்டும் அல்ல.

இப்போது தினமும் இரவு படுக்கப் போகுமுன் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறேன். கர்த்தருடைய கிருபையால் பார்வைக்குப் பெரிய சேதம் இல்லை.

ஆகவே முதல் காரியத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பரிசோதனை "தேவையில்லாத சலுகை" அல்ல. தேவையா இல்லையா என்பது பரிசோதித்த பிறகுதான் தெரியும். கிளாக்கோமாவின் சாதாரண வகையில் வலி இருக்காது. முதலில் ஓரப் பார்வைதான் மெதுவாகக் குறையும். நேர் பார்வை நன்றாக இருப்பதால் நமக்குத் தெரியாது. போன பார்வை திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ அந்த நோய் இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு அதிகம்.

சர்க்கரை நோயும் அப்படியே. நம்மில் சர்க்கரை இல்லாத வீடு எத்தனை? சர்க்கரை விழித்திரையில் உள்ள மெல்லிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. தொடக்கத்தில் ஒரு அறிகுறியும் இராது. அதனால்தான் சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறை கண் பாவையை விரித்துப் பார்க்கும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்கிறார்கள். கண்ணில் எந்தத் தொல்லையும் இல்லாதவர்களும் 40 வயதில் ஒரு முழுப் பரிசோதனை செய்துகொள்ளும்படி இந்நாட்டுக் கண் மருத்துவர் சங்கம் சொல்கிறது.

ஒரு சிறு குறிப்பு. நோய் என்று வந்துவிட்டால் அது பெரும்பாலும் கண் காப்பீட்டில் வராது, பொது மருத்துவக் காப்பீட்டில்தான் வரும். "என்னிடம் விஷன் இன்ஷூரன்ஸ் இல்லையே" என்று சொல்லிச் சர்க்கரை உள்ள யாரும் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் மருத்துவக் காப்பீட்டை விசாரியுங்கள்.

பிள்ளைகளுக்கும் இது உண்டு. மங்கலாகவே பார்த்துப் பழகிய பிள்ளைக்குத் தனக்கு மங்கலாகத் தெரிகிறது என்பதே தெரியாது. எல்லாருக்கும் உலகம் அப்படித்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். பிள்ளைகளே, பள்ளிக்கூடத்தில் பலகையில் எழுதியிருப்பது தெரியவில்லை என்றால், பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதாமல் அம்மாவிடம் சொல்லுங்கள். அது குற்றம் அல்ல, யாரும் திட்டமாட்டார்கள்.

இனி இரண்டாவது பாகத்துக்கு வருகிறேன். பொருள். அந்தத் தம்பி கேட்டது இதைப் பற்றித்தான்.

முதலில் நியாயமாகப் பேச வேண்டும். வேலை கொடுத்தவர் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்த சலுகையை, அதன் விதிப்படி ஒருவர் எடுத்துக்கொண்டால் அது திருட்டு அல்ல. யாரும் அவரைக் குற்றவாளியாக்கக் கூடாது. கண்ணாடி அணிகிறவருக்கு மாற்றுக் கண்ணாடி ஒன்று இருப்பது நல்லது. கார் ஓட்டுகிறவர் ஒரே கண்ணாடியை உடைத்துக்கொண்டால் என்ன செய்வார்? அது தேவை. அதை நான் சொல்லவில்லை.

நான் கேட்பது, பெட்டியை விட்டு வெளியே வராத கண்ணாடியைப் பற்றி. அதை ஏன் வாங்கினேன்? "இலவசம்" என்று வாங்கினேன். இலவசமா என்று என் பழைய ரசீதை எடுத்துப் பார்த்தேன். பிரேம் விலை 220 டாலர். காப்பீடு 150. மீதி 70 என் கையிலிருந்து. லென்ஸுக்குக் கோ-பே 25. ஒளி பிரதிபலிக்காத பூச்சுக்கு 60. ஆக, 155 டாலர் கொடுத்து ஒரு "இலவசக்" கண்ணாடியை வாங்கி இழுப்பறையில் வைத்தேன்! இதைக் கேட்டு என் மனைவி சிரித்த சிரிப்பை இங்கே சொல்ல மாட்டேன்.

நாம் விட்டால் கம்பெனிக்கு லாபம் என்று நினைக்கிறோம். ஆனால் ஒரு பெரிய அலுவலகத்தில் எல்லாரும் எவ்வளவு எடுத்தார்கள் என்று பார்த்துத்தான் அடுத்த தவணைக்கு விலை பேசுகிறார்கள். என் ஒரு பிரேமினால் யாருக்கும் பாரம் கூடிவிடாது, உண்மைதான். ஆனால் எல்லாரும் டிசம்பரில் என்னைப்போல ஓடினால் அந்தப் பாரம் எங்கே போகும்? திரும்பி எல்லாருடைய சம்பளச் சீட்டுக்கும்தான் வரும்.

இதற்குமேல் இன்னொரு படி இருக்கிறது. அதுதான் ஆபத்தானது. ஒரு கடையில் எனக்கு நடந்தது. என் பங்கை அந்த வருடம் ஏற்கெனவே பயன்படுத்திவிட்டேன். ஆனாலும் வெயிலுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி பிடித்துவிட்டது. விற்பனையாளர் மெதுவாக, "உங்கள் மனைவியின் பங்கு அப்படியே இருக்கிறதே, அவர்கள் பேரில் போட்டுவிடலாம். எல்லாரும் செய்கிறதுதான்" என்றார். மனைவி கண்ணாடியே போடுவதில்லை. நான் பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். பக்கத்தில் நின்ற என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல அம்மா பேர் போட்டிருக்கு. தப்பாப் போட்டுட்டாங்க" என்றாள்.

அவள் என்னைக் கண்டிக்கவில்லை. கடைக்காரர் தவறு செய்துவிட்டார் என்று உண்மையாகவே நினைத்தாள். அப்பா தெரிந்தே செய்வார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நான் பேனாவைக் கீழே வைத்தேன். "ஆமா பாப்பா, தப்பாப் போட்டுட்டாங்க. வா போவோம்" என்றேன். அதிலும் பாதிப் பொய்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளை உட்காரவைத்து முழு உண்மையையும் சொன்னேன்.

வேதத்தில் இதேபோல ஒருவன் இருக்கிறான். 2 இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரத்தில் கேயாசியைப் பற்றி வாசிக்கிறோம். சீரியாவின் படைத்தலைவன் நாகமான் யோர்தானில் ஏழுதரம் முழுகிக் குஷ்டம் நீங்கினான். சந்தோஷமாகக் காணிக்கையோடு எலிசாவிடம் வந்தான். எலிசா ஒன்றும் வாங்க மறுத்துவிட்டார். கேயாசிக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு இருக்கிறவன், தானாகக் கொடுக்க வந்தவன், இவனைச் சும்மா அனுப்பிவிட்டாரே என்று நினைத்தான். பின்னாலேயே ஓடினான். எப்பிராயீம் மலைத்தேசத்திலிருந்து இரண்டு வாலிபர் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொன்னான். ஒரு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரங்களும் கேட்டான். நாகமான் இரண்டு தாலந்தாகவே கொடுத்தான். கேயாசி அதைக் கொண்டுபோய் வீட்டில் மறைத்து வைத்தான். எங்கேயிருந்து வருகிறாய் என்று எலிசா கேட்டபோது, எங்கும் போகவில்லை என்றான். நாகமானை விட்டுப்போன குஷ்டம் அவனைப் பிடித்தது.

கேயாசி ஏழையிடமிருந்து பிடுங்கவில்லை. கொடுக்க மனதாயிருந்த பணக்காரனிடம்தான் கேட்டான். "அவனிடம் நிறைய இருக்கிறதே, விட்டால் வீண்தானே" என்ற அதே எண்ணம். ஆனால் அந்த எண்ணத்தை நிறைவேற்ற ஒரு பொய் தேவைப்பட்டது. முதல் பொய்யை மறைக்க இரண்டாவது பொய் தேவைப்பட்டது. வாங்கிய வஸ்திரத்தை அவனால் நாலு பேர் முன்னால் உடுத்தவும் முடியாது. அதையும் ஒளித்துத்தான் வைக்க வேண்டும். என் இழுப்பறையை நினைத்துக்கொண்டேன்.

இது வெறும் பழங்கதை அல்ல. எல்லைக்கு வடக்கே டொரொண்டோவில், நகரப் போக்குவரத்துக் கழக ஊழியர்கள் சிலர், வாங்காத மருத்துவப் பொருள்களுக்கு வாங்கியதாகக் கணக்குக் காட்டியது சில ஆண்டுகளுக்கு முன் வெளியே வந்தது. விலக்கப்பட்டவர்களும் தாங்களே விலகிப்போனவர்களும் சேர்த்து 200 பேருக்கு மேல் வேலையை இழந்தார்கள். அவர்களில் பலர் "எல்லாரும் செய்கிறதுதான்" என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நம் பிள்ளைகளின் படிப்பும் வீட்டுக் கடனும், சிலருக்கு இந்த நாட்டில் தங்கியிருக்கும் அனுமதியும்கூட, அந்த ஒரு வேலையின்மேல்தான் நிற்கிறது. ஒரு கறுப்புக் கண்ணாடிக்காக அதை அசைக்கலாமா?

இப்போது உங்களில் யாராவது, "அதெல்லாம் சரி, ஆனால் எதையும் வீணாக்கக் கூடாது என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. யோவான் ஆறாம் அதிகாரம். ஐந்து வாற்கோதுமை அப்பம், இரண்டு மீன். ஐயாயிரம் புருஷர் சாப்பிட்டார்கள். அதன்பின் மிச்சமானவற்றைச் சேர்க்கும்படி சீஷர்களிடம் இயேசு சொன்னார். ஒன்றும் வீணாய்ப் போகக் கூடாது என்பதுதான் அவர் கவலை. நானும் என் டிசம்பர் கண்ணாடிகளுக்கு இந்த வசனத்தைத்தான் சாக்காக வைத்திருந்தேன்.

ஆனால் மறுபடியும் வாசித்துப் பாருங்கள். ஜனங்கள் திருப்தியான பிறகுதான் அவர் அதைச் சொன்னார். இன்னும் கொஞ்சம் சாப்பிட்டு முடியுங்கள் என்று அவர் சொல்லவில்லை. வயிறு நிறைந்தவர்கள் மறுபடி உண்டு தீர்ப்பது வேறு, மிஞ்சியதைக் கூடையில் சேர்ப்பது வேறு. பன்னிரண்டு கூடை நிறைந்தது. வீணாகாமல் காப்பது என்றால் நானே எடுத்துக்கொள்வது என்று அர்த்தம் அல்ல என்பது எனக்கு அந்தக் கூடைகளைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

வனாந்தரத்தில் மன்னா பெய்தபோதும் இப்படித்தான். யாத்திராகமம் 16ல், அதிகம் சேர்த்தவனுக்கு மீதியானதும் இல்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறைந்ததும் இல்லை என்கிற கருத்தைக் காண்கிறோம். கட்டளையை மீறி மறுநாளுக்கு வைத்தது புழுத்து நாறியது. இதே மன்னாவைத்தான் பவுல் அப்போஸ்தலன் 2 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் நினைவூட்டுகிறார். எதற்காக? எருசலேமில் இருந்த ஏழைப் பரிசுத்தவான்களுக்குக் காணிக்கை சேர்ப்பதற்காக. ஒருவருடைய மிகுதி இன்னொருவருடைய குறைவுக்குப் போக வேண்டும் என்பதற்காக.

அப்படியானால் நாம் கூடையில் எதைச் சேர்க்கலாம்? காப்பீட்டுச் சலுகையை நாம் எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. அது நம் பெயருக்கு உரியது. ஆனால் அந்த "இலவசத்துக்காக" நம் கையிலிருந்து போகும் பணம் நம்முடையது. என் கணக்கில் 155 டாலர். அதைச் சேர்க்கலாம். இழுப்பறையில் தூங்கும் பழைய கண்ணாடிகளையும் சேர்க்கலாம். லயன்ஸ் சங்கத்தார் அவற்றை வாங்கிச் சுத்தம் செய்து, பவர் அளந்து, வாங்க வசதியில்லாதவர்களுக்கு அனுப்புகிறார்கள். பல நூலகங்களிலும் கண்ணாடிக் கடைகளிலும் அதற்கான பெட்டி இருக்கிறது.

இந்த நாட்டுக் காணிக்கைக்கும் நம் ஊர்க் கண்களுக்கும் உள்ள தொடர்பு நேற்று வந்தது அல்ல. ஐடா ஸ்கடர் அம்மையார் மருத்துவம் படித்து முடித்து வேலூருக்குத் திரும்புமுன், மருத்துவமனை கட்டப் பணம் சேர்த்தார். நியூயார்க்கில் ஷெல் என்ற வங்கியாளர், மறைந்துபோன தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தில் 1902ல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழும்பியது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று தொடங்கிய அந்த இடம் பிற்பாடு சி.எம்.சி.யின் கண் மருத்துவமனையாயிற்று. ஷெல் ஆஸ்பத்திரி என்றால் வேலூரில் கண் ஆஸ்பத்திரி என்று எல்லாருக்கும் தெரியும். நம்மில் சிலருடைய பாட்டி தாத்தாக்கள் அங்கே கண் காட்டியிருக்கலாம். அந்த வங்கியாளர் அந்த நோயாளிகளில் ஒருவரையும் பார்த்ததில்லை. அவர் போட்ட கூடையிலிருந்து நம் ஜனங்கள் எடுத்துச் சாப்பிட்டார்கள். இன்று அதே நாட்டில் சம்பளம் வாங்குகிறவர்கள் நாம்.

முடிக்குமுன் வீட்டுக்குப் போய்ச் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறேன்.

இலையுதிர் காலத்தில் ஓப்பன் என்ரோல்மென்ட் வரும்போது, போன வருடம் டிக் செய்ததையே கண்ணை மூடிக்கொண்டு டிக் செய்யாதீர்கள். ஒரு கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, தனி ஆளுக்கு மாதம் 7 டாலர் பிடிக்கிறார்கள் என்றால் வருடத்துக்கு 84. கண்ணாடியே போடாதவர், பரிசோதனை ஒன்றுக்கு மட்டும் கையிலிருந்து கட்டினால் எவ்வளவு ஆகும் என்று விசாரித்து ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் நாலு பேர், அதில் இரண்டு பேர் கண்ணாடி என்றால் திட்டம் பெரும்பாலும் லாபம்தான். சேருங்கள், தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

எஃப்.எஸ்.ஏ. என்ற கணக்கு வேறு. அதில் இருப்பது நீங்கள் வரி பிடிக்குமுன் ஒதுக்கிய உங்கள் சொந்தச் சம்பளம். குறித்த நாளுக்குள் செலவழிக்காவிட்டால் அது கைவிட்டுப் போகும். சில நிறுவனங்கள் இரண்டரை மாதம் கூடுதல் தவணை கொடுக்கும், சில ஒரு பகுதியை அடுத்த வருடத்துக்கு விடும். ஆகையால் டிசம்பரில் ஓடுவதைவிட, ஒதுக்கும்போதே அளவோடு ஒதுக்குவது ஞானம்.

பரிசோதனை முடிந்ததும் பவர் சீட்டை உங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். அதற்குத் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. அங்கேயே கண்ணாடி வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சீட்டை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு எழுந்து வரலாம். வெட்கப்பட வேண்டாம்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு வாராவாரம் பேசுகிறோம். "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்கிறோம். இந்த வாரம், "கண்ணைக் காட்டினீங்களா" என்றும் கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.

பிள்ளைகளே, விருந்துக்கு மறுபடி வருவோம். பசியில்லாதபோது மேசையில் சாப்பாடு மிச்சமிருந்தால் என்ன செய்வோம்? நம் சபையில் என்ன செய்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். ஆன்ட்டிமார் அதை டப்பாவில் போட்டு, உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருப்பவர்களுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். பன்னிரண்டு கூடையும் அதுதான்.

அந்தத் தம்பியிடம் அடுத்த ஞாயிறே போய் மன்னிப்புக் கேட்டேன். "நான் சொன்னது அவசரத்தில் சொன்ன பதில். முதலில் கண்ணைப் பரிசோதனை செய். பவர் மாறியிருந்தால் கண்ணாடி வாங்கு. மாறவில்லை என்றால் விட்டுவிடு" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே, "அப்போ அந்த 150 டாலர் அங்கிள்?" என்றான்.

"அது உனக்குத் தேவை வந்தால் தாங்குவதற்கு வைத்திருந்தது தம்பி. இந்த வருடம் தேவை வரவில்லை. அதற்காக நஷ்டம் என்று வருத்தப்படாதே, ஸ்தோத்திரம் சொல்லு" என்றேன்.

வீடு எரியவில்லை என்று யாரும் தீக்காப்பீட்டுப் பணத்துக்காக அழுவதில்லை. கண் நன்றாகத் தெரிகிறது என்றால் அதுவும் அப்படித்தான். இன்று காலை எழுந்து, ஜன்னலுக்கு வெளியே மரத்தைப் பார்த்து, வேதத்தில் எழுத்தைப் பார்த்து, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தோமே, அதற்கு நம் எவரும் பணம் கட்டவில்லை.

ஜெபிப்போம். எங்களுக்குக் கண்களைத் தந்த ஆண்டவரே, பார்க்கத் தருகிற ஒவ்வொரு நாளுக்காகவும் ஸ்தோத்திரம். தேவையானதைத் தள்ளிப்போடாதபடி ஞானமும், தேவையில்லாததைப் பிடித்துக்கொள்ளாதபடி திருப்தியும் எங்களுக்குத் தாரும். எங்கள் கையெழுத்து எங்கள் பிள்ளைகள் படிக்கத்தக்க உண்மையாய் இருக்கட்டும். எங்களிடம் மிஞ்சியது உமது கூடையில் சேரட்டும். பார்வை குறைந்து வருந்துகிற எங்கள் பெற்றோரையும், பார்க்க வசதியற்று இருக்கிற ஏழைகளையும் நினைத்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபம் கேளும் பிதாவே. ஆமென்.